குப்பை வண்டிக்கும் ஒரு பேரேடு வேண்டும்

விலைவாசி, வரி, உரிமம், வாடகை என்று எத்தனையோ பிரச்சினைகளை இந்தப் பக்கங்களில் நாம் எழுதி வந்திருக்கிறோம். குப்பையைப் பற்றி ஒரு முழுக் கட்டுரையா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். 2025 ஏப்ரல் முதல் வாரத்தில் காலாப்பட்டுக் கடைத்தெருவில் நின்றவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

நடந்தது இதுதான். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய நமது தெருவில் பதினொரு கடைக்காரர்கள் சேர்ந்து, ஒரு தனியார் ஒப்பந்ததாரரிடம் பெரிய இரும்புத் தொட்டி ஒன்றை வாடகைக்கு வாங்கி வைத்திருக்கிறோம். காய்கறிக் கடை, மீன் கடை, இரண்டு ஓட்டல், ஜெராக்ஸ் கடை, மளிகை என்று எல்லாம் கலந்த தெரு. திங்கள், புதன், வெள்ளி ஆகிய மூன்று நாட்களும் அதிகாலையில் வண்டி வந்து நிறைந்த தொட்டியைத் தூக்கிக்கொண்டு காலித் தொட்டியை இறக்கிவிட்டுப் போகும். மார்ச் 28 வெள்ளிக்கிழமை வழக்கம்போல் வந்தது. மார்ச் 31 திங்கட்கிழமை ரம்ஜான். அன்று வண்டி கிடையாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். புதன்கிழமை வரவில்லை. விடுமுறை முடிந்த நெருக்கடியாக இருக்கும் என்று நாமே சமாதானம் சொல்லிக்கொண்டோம். வெள்ளிக்கிழமையும் வரவில்லை. தொட்டி நிறைந்து, மூடி திறந்து, மூட்டைகள் தரையில் குவிந்து, நாய்கள் அவற்றைச் சாலையின் நடுவுக்கு இழுத்துவந்து போட்டன. மீன் கழிவும் அழுகிய தக்காளியும் ஏப்ரல் வெயிலில் எட்டு நாட்கள் கிடந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. எதிரில் இருந்த டீக்கடையில் அந்த வாரம் பாதி வியாபாரம்கூட இல்லை.

சனிக்கிழமை காலை ஒப்பந்ததாரர் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினோம். எடுத்த பெண் மரியாதையாகத்தான் பேசினார். கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "சார், இந்த வாரம் விட்டுப்போன நடை எதுவும் காட்டலீங்களே" என்றார். நாம் தெருவின் பெயரைச் சொல்லி மறுபடியும் பார்க்கச் சொன்னோம். சற்று நேரம் கழித்து, "சார், லிஸ்ட்ல உங்க தொட்டியே இல்லீங்க" என்றார்.

பிறகுதான் விஷயம் வெளிவந்தது. அந்த அலுவலகத்தில் குப்பைத் தொட்டிகளை நிர்வகிக்க ஒரு மென்பொருள் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் எந்த நாள், என்ன தொட்டி, என்ன கழிவு, எந்த வண்டி, என்ன கட்டணம் என்று ஒருமுறை பதிந்துவிட்டால், அதன் பிறகு அது தானாகவே அந்தந்த நாளுக்கு ஓட்டுநருக்கான நடைச் சீட்டை உருவாக்கிக் கொடுத்துவிடும். மாத முடிவில் பில்லையும் அதுவே போட்டுவிடும். இப்படித் தானாகப் பிறக்கும் நடையை வாடிக்கை நடை என்று வைத்துக்கொள்வோம். நமது வாடிக்கை நடைக்கு ஆரம்ப தேதி 1-4-2024, முடிவு தேதி 31-3-2025 என்று பதிந்திருந்தது. ஒப்பந்தத்தை மார்ச் மாதமே புதுப்பித்துக் காசோலையும் கொடுத்துவிட்டோம். காகிதத்தில் புதுப்பித்தவர்கள் கம்ப்யூட்டரில் முடிவு தேதியை மாற்றவில்லை. ஏப்ரல் 1 முதல் நமது தெரு அதன் கண்ணில் இல்லாமல் போயிற்று.

இதில் நாம் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று இருக்கிறது. சீட்டு உருவாகி, வண்டி போகாமல் இருந்திருந்தால் திரையில் அது சிவப்பாகத் தெரிந்திருக்கும், யாராவது கேட்டிருப்பார்கள். சீட்டே உருவாகவில்லை என்றால் சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை. ஓட்டுநர் தமக்குக் கொடுத்த சீட்டுகளையெல்லாம் முடித்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருக்கிறார். மேலாளர் அன்றைய வேலை நூற்றுக்கு நூறு முடிந்தது என்று கண்டிருக்கிறார். யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் வேலையைத் தட்டிக் கழிக்கவில்லை. தெரு மட்டும் நாறியது.

நமது கடைகளிலேயே இதற்கு ஒப்பான அனுபவம் உண்டு. கடன் கொடுத்ததைப் பேரேட்டில் எழுதி வைத்தால், வசூலாகாத நிலுவை மாத முடிவில் கண்ணில் படும். எழுதாமல் விட்ட கடன் எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் தெரியாது. வாங்கியவர் தாமாகக் கொண்டுவந்து கொடுத்தால்தான் உண்டு. அந்தக் காலத்துக் கணக்கப்பிள்ளைகள் பேரேட்டுக்கு வெளியே நாள்குறிப்பு ஒன்றைத் தனியாக வைத்துக்கொண்டு இரண்டையும் ஒத்துப் பார்த்தது இதற்காகத்தான்.

இதைச் சொல்வதால் நாம் மென்பொருளுக்கு எதிரி என்று யாரும் கருத வேண்டாம். நமது கூட்டத்தில் அப்படி ஒரு கட்சியே இருந்தது. "பழையபடி தொட்டி நிறைந்ததும் டிரைவருக்கு ஒரு போன் அடித்தால் போயிற்று, கம்ப்யூட்டர் எதற்கு?" என்று மூத்தவர் ஒருவர் கேட்டார். அந்தப் பழைய முறையின் லட்சணமும் நமக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குப் பிறகு திங்கட்கிழமை காலை எல்லாக் கடைகளிலிருந்தும் ஒரே நேரத்தில் போன் போகும். முதலில் கூப்பிட்டவருக்கு வண்டி. நன்றாகச் சத்தம் போடுபவருக்கு அடுத்த வண்டி. அமைதியாக இருக்கும் சின்னக் கடைக்காரருக்குப் புதன்கிழமை. ஓட்டுநரும் உதவியாளரும் இரவு ஒன்பது மணிவரை ஓடுவார்கள். மறுநாள் வேலை இருக்காது. நாள் குறித்து வரும் வாடிக்கை நடையில் அவர்களுக்கும் ஓர் ஒழுங்கு கிடைக்கிறது, வார விடுப்பும் கிடைக்கிறது. குப்பையை அள்ளும் அந்த மனிதர்களின் நிலையையும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும் அல்லவா?

குறித்த நேரத்தில் குப்பை எடுப்பது என்பதே ஓர் ஊரின் நாகரிகத்தைச் சேர்ந்த விஷயம். பிரெஞ்சு ஆட்சியின் நிழலில் வளர்ந்த நமது புதுச்சேரிக்கு இதில் ஒரு சுவையான செய்தி உண்டு. பாரீசில் யூழேன் பூபெல் என்ற நிர்வாகி 1883 இல் ஓர் உத்தரவு போட்டார். வீட்டு உரிமையாளர்கள் ஒவ்வொருவரும் மூடியுள்ள கலங்களை வைக்க வேண்டும். அழுகுவதற்கு ஒன்று, காகிதத்துக்கும் துணிக்கும் ஒன்று, கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் சிப்பி ஓட்டுக்கும் ஒன்று என்று பிரித்துப் போட வேண்டும் என்றார். பழந்துணி பொறுக்கிப் பிழைத்தவர்களும் வீட்டுக்காரர்களும் அவரைத் திட்டித் தீர்த்தார்கள். கடைசியில் பிரெஞ்சு மொழியில் குப்பைத் தொட்டிக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. நமது ஊரில் பிரெஞ்சு படித்த பெரியவர்கள் இன்றும் "பூபெல்" என்று சொல்வதைக் கேட்கலாம். பாவம், நல்லது செய்தவருக்குக் கிடைத்த நினைவுச் சின்னம்!

அதிருக்கட்டும். நமது காலாப்பட்டுக்கு வருவோம். ஓர் ஊருக்கு எழுதிய வாடிக்கை நடையை அப்படியே இன்னோர் ஊருக்குப் பொருத்த முடியாது என்பதற்கு நமது பகுதியே நல்ல எடுத்துக்காட்டு.

முதலில் நமது பூகோளம். புதுச்சேரி நகரத்திலிருந்து வடக்கே சுமார் 10 கிலோமீட்டரில் இருக்கும் காலாப்பட்டு, உழவர்கரை நகராட்சியைச் சேர்ந்தது. ஆனால் நடுவில் கோட்டக்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்ட ஊர்களைத் தாண்டித்தான் நாம் நகரத்துக்குப் போக வேண்டும். புதுச்சேரிப் பகுதி முழுவதுமே இப்படித் துண்டு துண்டாகக் கிடப்பது வெளியூர்க்காரர்களுக்குப் புரிவதில்லை. குப்பை ஏற்றிய வண்டி நகரத்தின் மேற்குப்புறத்தில் உள்ள குரும்பாபேட்டைக் கிடங்குக்குப் போக வேண்டுமானால் மாநில எல்லையை இரண்டு தடவை கடக்கிறது. சனி, ஞாயிறு வந்துவிட்டால் கடற்கரைச் சாலையில் சென்னைக் கார்களின் வரிசை. இந்தத் தூரத்தையும் நெரிசலையும் கணக்கில் எடுக்காமல், வரைபடத்தில் "புதுச்சேரி" என்று இருப்பதையெல்லாம் ஒரே வண்டிக்கு ஒரே காலையில் அடுக்கிவிட்டால், கடைசியில் விட்டுப்போவது காலாப்பட்டாகத்தான் இருக்கும்.

அடுத்து விடுமுறை நாட்கள். வெளியூரில் எழுதிய மென்பொருளில் ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. நவம்பர் 1 அதற்குத் தெரியாது. 1954 இல் அந்த நாளில்தான் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை இந்தியாவிடம் ஒப்படைத்தார்கள். அது நமக்கு விடுதலை நாள். 1962 ஆகஸ்ட் 16 இல் சட்டப்படியான இணைப்பு நடந்தது. ஆகவே நமக்கு ஆகஸ்ட் 15, 16 இரண்டும் விடுமுறை. ஓட்டுநர் நமது ஊர்க்காரர். அவர் விடுப்பில் இருப்பார். மென்பொருளோ சென்னைக்காரர் மாதிரி சீட்டுப் போட்டுக்கொண்டிருக்கும். நடை விட்டுப்போனதாகக் கணக்கு காட்டும், அல்லது, இதுதான் மோசம், போனதாகக் கருதி பில் போட்டுவிடும். நமது விடுமுறைப் பட்டியலை அரசாணை வெளியானவுடன் நாமே ஒப்பந்ததாரர் அலுவலகத்துக்குக் கொடுத்துப் பதியச் சொல்லவேண்டும். அவர்களாகத் தேடிப் பதிவார்கள் என்று எதிர்பார்ப்பதில் நியாயமில்லை.

பிறகு பருவம். 1985 இல் தொடங்கப்பட்ட புதுவைப் பல்கலைக்கழகமும், பொறியியல் கல்லூரியாக இருந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக உயர்ந்த நிறுவனமும், மருத்துவக் கல்லூரியும், சட்டக் கல்லூரியும் நமது வட்டாரத்தில்தான் இருக்கின்றன. மாணவர்கள் இருந்தால் ஓட்டலுக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் வியாபாரம்; தொட்டியும் நிறையும். கோடை விடுமுறையில் மேசைகள் காலி, தொட்டியும் காலி. இன்னொரு பக்கம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகு மீன்பிடித் தடைக்காலம். மீன் வரத்து குறையும்; மீன் கழிவும் குறையும். ஆக ஆண்டில் இரண்டு மாதம் நமது தெருவுக்கு வாரம் மூன்று நடை தேவையே இல்லை, இரண்டு போதும். ஆனால் வாடிக்கை நடை என்பது ஒருமுறை சொன்னதைத் திருப்பித் திருப்பிச் செய்கிற சாதனம். பாதி காலியான தொட்டியைத் தூக்கிக்கொண்டு போய், முழு நடைக்குப் பணம் வாங்கிக்கொள்ளும். பெரும்பாலான மென்பொருள்களில் ஒரு தேதியிலிருந்து இன்னொரு தேதிவரை நடையை நிறுத்திவைக்கவோ குறைக்கவோ வசதி இருக்கிறது. நாம் கேட்டால்தான் அதைத் தொடுவார்கள்.

புயல், மழை வந்தால் வேறு கதை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டி, நகரமே நீரில் நின்றது. அந்த மாதிரி நாட்களில் வண்டி வராததை யாரும் குறை சொல்ல முடியாது. வெள்ளம் வடிந்த பிறகுதான் சிக்கல். விட்டுப்போன மூன்று நடைகளையும் மென்பொருள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருக்கும். இருப்பதோ ஒரே தொட்டி. அதை ஒரே தடவைதான் எடுக்க முடியும். மூன்று சீட்டும் ஒரே நாளில் முடிக்கப்பட்டதாகப் பதிவானால் மூன்று நடைக்கும் பில் வரும். நமது தெருவில் ஒருமுறை அப்படி வந்தது. ஓட்டுநரிடம் கேட்டதற்கு, "நான் ஒரு வாட்டிதான் தூக்கினேன் முதலாளி, மத்த ரெண்டையும் முடிச்சாத்தான் போன்ல அடுத்த எடத்தைக் காட்டுது" என்றார். அவர் மேல் என்ன தவறு?

இனி வணிகர்களுக்கே உரிய கணக்கு ஒன்று. "வாரம் ஒரு நடை" என்பதும் "மாதம் நான்கு நடை" என்பதும் பேச்சில் ஒன்றுபோலத்தான் ஒலிக்கும். ஆண்டுக்கு வாரம் ஒன்று என்றால் 52 நடை. மாதம் நான்கு என்றால் 48. வாரம் இரண்டு என்றால் 104. மாதம் எட்டு என்றால் 96. "பதினைந்து நாளுக்கு ஒருமுறை" என்று வாயால் சொல்வதை, "இரண்டு வாரத்துக்கு ஒருமுறை" என்று பதிந்தால் 26. "மாதம் இருமுறை" என்று பதிந்தால் 24. ஒப்பந்தத் தாளில் ஒருவிதமாகவும் மென்பொருளில் வேறுவிதமாகவும் இருந்தால், ஒன்று நாம் நான்கு நடை இழக்கிறோம், அல்லது எதிர்பாராத நான்கு நடைக்குக் கூடுதல் பணம் கட்டுகிறோம். ஐந்து திங்கட்கிழமை வரும் மாதங்களில் பில் தொகை ஏன் கூடுகிறது என்று பலர் சண்டை போட்டது இதனால்தான். அரிசி மூட்டையை எடைபோட்டு வாங்கும் நாம், நடையின் எண்ணிக்கையை எண்ணாமல் விடுகிறோம்! "மூன்று நாளுக்கு ஒருமுறை" என்று பதிவதும் ஆகாது. அது வாரத்தின் கிழமையைப் பார்க்காமல் நாளை மட்டும் எண்ணிக்கொண்டே போகும். ஒரு வாரம் திங்களில் விழும், அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தின் நடுவில் விழும். கிழமையின் பெயரைச் சொல்லியே பதிய வேண்டும்.

கட்டண விஷயத்திலும் ஒரு பொறி இருக்கிறது. சில மென்பொருள்களில் வாடிக்கை நடை தொடங்கிய நாளின் கட்டணமே ஒவ்வொரு சீட்டிலும் நகலாகிக்கொண்டு வரும். விலைப்பட்டியல் மாறினாலும் அது மாறாது. ஆறு மாதம் கழித்து அலுவலகத்தில் யாரோ கண்டுபிடித்து, வித்தியாசத் தொகை என்று மொத்தமாக ஒரு பில் அனுப்புவார்கள். நாம் அதற்குள் அந்தச் செலவைச் சரக்கின் விலையில் சேர்க்காமல் விற்று முடித்திருப்போம். கட்டணம் மாறினால் மாறும் தேதிக்கு முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும், பின்தேதியிட்டு வசூலிக்கக்கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கட்டும்.

இவற்றையெல்லாம் சொல்லும்போது, "சிறு கடைக்கு இவ்வளவு தலைவலி எதற்கு, நகராட்சி வண்டியில் போட்டுவிட்டுப் போகலாமே" என்று சிலர் எண்ணலாம். வீட்டளவு குப்பை உள்ளவர்களுக்கு அது சரி. மொத்த வியாபாரிகள், திருமண மண்டபங்கள், பெரிய ஓட்டல்கள் வைத்திருப்பவர்கள் அப்படி இருக்க முடியாது. 2016 ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே நாளொன்றுக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் குப்பை உண்டாக்குபவர்களைத் தனி வகையாகப் பிரித்து, பொறுப்பை அவர்கள் தலையில் வைத்தன. அந்த விதிகளுக்குப் பதிலாக 2026 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட புதிய விதிகள், அவ்வாண்டு ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு என்று நாள் குறித்து வந்தன. அவற்றின்படி ஈரக்குப்பை, உலர் குப்பை, சுகாதாரக் கழிவு, தனிக் கவனம் தேவைப்படும் கழிவு என்று நான்காகப் பிரிக்க வேண்டும். இதன் பொருள் என்ன? ஒரே தொட்டிக்கு இருந்த ஒரு வாடிக்கை நடை இனி நான்காகிறது. ஈரக்குப்பை நாள்தோறும் போக வேண்டும், அட்டைப் பெட்டி வாரம் ஒருமுறை போனால் போதும், பழைய டியூப்லைட்டும் பெயிண்ட் டப்பாவும் எப்போதோ ஒருமுறை. இந்த நான்குக்கும் நான்கு விதமான நாள், நான்கு விதமான கட்டணம். இத்தனையையும் எவரும் மனதில் வைத்துக்கொண்டு போன் செய்துகொண்டிருக்க முடியாது. மென்பொருள் வந்தே தீரும். அதில் எழுதப்படுவது யாருடைய சொல் என்பதுதான் கேள்வி.

நம்முடைய கருத்து இதுதான். வாடிக்கை நடையின் விவரம் ஒப்பந்ததாரரின் கம்ப்யூட்டரில் மட்டும் இருக்கக்கூடாது. நமது தெருவிலும் ஒரு நோட்டில் இருக்க வேண்டும். நடைக்கான பணம் சீட்டு பிறந்ததற்காக அல்ல, தொட்டி போனதற்காகவே தரப்பட வேண்டும். 2025 ஏப்ரலுக்குப் பிறகு நமது பதினொரு கடைகளும் செய்து வருவதைச் சொல்கிறோம். மளிகைக் கடைக்காரர் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு தொங்குகிறது. வண்டி வந்தால் நாள், நேரம், தொட்டி எவ்வளவு நிறைந்திருந்தது என்று ஒரு வரி எழுதி, ஓட்டுநரிடம் கையெழுத்து வாங்குகிறோம். ஒவ்வொரு சனிக்கிழமையும் அடுத்த வாரத்துக்கு என்னென்ன நடை உருவாகியிருக்கிறது என்ற பட்டியலை ஒப்பந்ததாரர் அலுவலகம் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறது. அதில் நமது தெருவின் மூன்று நடையும் இருக்கின்றனவா என்று பார்க்க அரை நிமிடம்கூட ஆவதில்லை. மாத முடிவில் பில்லையும் நோட்டையும் ஒத்துப் பார்த்துத்தான் பணம். முதலில் அவர்கள் தயங்கினார்கள். நோட்டில் உள்ள கையெழுத்து தங்கள் ஓட்டுநருக்கும் சாட்சி என்று புரிந்த பிறகு அவர்களே கேட்டு வாங்கிப் பார்க்கிறார்கள்.

இது ஒன்றும் நாம் புதிதாகக் கண்டுபிடித்த நியாயம் அல்ல. வங்கி அட்டையிலிருந்து மாதாமாதம் தானாகப் பணம் பிடிக்கும் ஏற்பாட்டில் மக்கள் ஏமாறுவதைப் பார்த்து, பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பாக வாடிக்கையாளருக்குத் தகவல் தெரிவித்தாக வேண்டும் என்ற விதியை ரிசர்வ் வங்கி 2021 அக்டோபர் 1 முதல் கட்டாயமாக்கியது. தானாக நடப்பது எதுவானாலும், நடக்கும் முன் உரியவருக்குச் சொல் என்பதே அதன் சாரம். பணத்துக்கு உள்ள அந்த நியாயம் குப்பை நடைக்கு ஏன் கூடாது? சென்னை மாநகராட்சியும் 2020 இல் பல மண்டலங்களின் குப்பைப் பணியைத் தனியாருக்குக் கொடுத்தபோது, அள்ளிய எடைக்குப் பணம் என்ற பழைய வழியை விட்டு, வேலை எப்படி நடந்தது என்ற அளவுகோல்களின்படி பணம் என்ற ஏற்பாட்டுக்கு மாறியது. எதற்குப் பணம் கொடுக்கிறோமோ அதுதான் நடக்கும். எடைக்குக் கொடுத்தால் எடை கூடும். சீட்டுக்குக் கொடுத்தால் சீட்டு பெருகும்.

ஒப்பந்ததாரர்களில் சிலர், "இதெல்லாம் எங்கள் தொழில் ரகசியம், பட்டியலை வெளியே தர முடியாது" என்கிறார்கள். மற்ற வாடிக்கையாளர்களின் பட்டியலை நாம் கேட்கவில்லை. நமது தெருவுக்கு என்று வண்டி வரப்போகிறது என்பதில் என்ன ரகசியம் இருக்க முடியும்? தனித்தனியாகக் கேட்டால் மறுப்பவர்கள், சங்கத்தின் பெயரால் கேட்டால் மறுக்க மாட்டார்கள் என்று நம்புகிறோம். ஒரு தெருவுக்கு ஒருவர் வீதம் இந்தப் பொறுப்பை ஏற்க வேண்டும். படித்த பிள்ளைகள்தான் செய்ய வேண்டும் என்பதில்லை. நமது தெருவில் நோட்டைப் பார்த்துக்கொள்பவர் எட்டாம் வகுப்புவரை படித்தவர். ஒரு நாள்கூட விட்டதில்லை.

முடிவு தேதி விஷயத்தில் மட்டும் சிறிதும் அலட்சியம் கூடாது. மென்பொருளில் முடிவு தேதியே வேண்டாம், காலியாக விடுங்கள் என்று சிலர் ஆலோசனை சொன்னார்கள். நாம் அதை ஏற்கவில்லை. கடையைக் காலி செய்தவர் பெயரில் வெறுந்தொட்டிக்கு ஆண்டுக்கணக்கில் நடை பிறந்துகொண்டிருக்கும். முன்பணத்திலிருந்து கழித்துக்கொண்டே போவார்கள். முடிவு தேதி இருக்கட்டும். அது வருவதற்கு முப்பது நாள் முன்பாகவும் ஏழு நாள் முன்பாகவும் இரு தரப்புக்கும் தகவல் வரும்படி பதியச் சொல்லுங்கள். மார்ச் 31 ஐ முடிவு தேதியாக வைக்காதீர்கள். ஆண்டுக் கணக்கு முடிக்கும் அவசரத்தில் நமது பக்கமும் அவர்கள் பக்கமும் யாருக்கும் குப்பையைப் பற்றி நினைவிருக்காது. நமது தெருவின் ஒப்பந்தத்தை இப்போது ஜூலை 31 க்கு மாற்றியிருக்கிறோம்.

அந்த ஏப்ரல் சனிக்கிழமையன்று மாலை வந்த வண்டியை "அவசர நடை" என்று கணக்கிட்டு, வழக்கத்தைவிடக் கூடுதலாக ஒரு பில் அனுப்பினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். தவறு அவர்களுடையது, கூடுதல் கட்டணம் நம்முடையதா என்று கேட்டு, இரண்டு மாதம் கடிதம் எழுதி, கூடுதலில் பாதியைத் தள்ளுபடி செய்தார்கள். மீதிப் பாதியை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும் உறுப்பினர்கள் தங்கள் குப்பை ஒப்பந்தத் தாளின் நகல் ஒன்றைக் கொண்டுவரும்படி கேட்டுக்கொள்கிறோம். எல்லாப் பக்கமும் வேண்டாம். முடிவு தேதி எழுதியிருக்கும் பக்கமும், நடையின் எண்ணிக்கை எழுதியிருக்கும் பக்கமும் போதும்.